தறிக்குழியின் ஓரத்தில் ஒரு சுருக்குப் பாய்: தையல் நிகழ்வு ஆய்வு

சேலம் அம்மாப்பேட்டையில் கைத்தறியில் பட்டு வேட்டி நெய்யும் ஒரு குடும்பத்திற்காக, பொன்னம்மாப்பேட்டையில் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்யும் ஒரு பெண் தைத்துக் கொடுத்த விளையாட்டு விரிப்பைப் பற்றியது இந்த ஆய்வு. விரித்தால் குழந்தை உட்கார்ந்து விளையாடும் வட்டப் பாய். ஓரத்தில் ஓடும் கயிற்றை இழுத்தால், மேலே கிடக்கும் பொம்மைகள் அனைத்தையும் வாரி உள்ளடக்கிக்கொள்ளும் சுருக்குப் பை. நான் தையல் பயிற்சி அளிப்பவள். அந்தப் பெண் என்னிடம் பயின்றவர் என்பதால், முதல் மாதிரியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து இறுதி வடிவம் அந்த வீட்டில் புழங்கியது வரை உடனிருந்து கவனிக்க முடிந்தது. இத்தகைய விரிப்பை மூடும் இடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பதே நான் வந்தடைந்த முடிவு. அதற்கான காரணங்களை அளவுகளோடு இங்கே எழுதுகிறேன்.

வீடும் தேவையும்

அந்த வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி ஒன்று இருக்கிறது. நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குவார். தறிக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே ஏறத்தாழ ஐந்தடி அகலத்திற்குத் தரை எஞ்சுகிறது. ராட்டையை வைத்துத் தார் (குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிய குழல்) சுற்றுவதும், பகலில் சாப்பிடுவதும், இரவில் படுப்பதும், ஐந்து வயதுப் பையன் விளையாடுவதும் அந்தத் தரையில்தான். வீட்டில் பத்து மாதக் கைக்குழந்தையும் உண்டு, தவழத் தொடங்கியிருந்தது. கைத்தறி வீடுகளில் தரையின் மீது தறிக்கே முதல் உரிமை. பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) பிணைக்கும் நாளில் கூடம் முழுவதும் ஒழிந்தாக வேண்டும்; சாதாரண நாளிலும் அந்தத் தரை பலமுறை கைமாறுகிறது.

பையனின் விளையாட்டுப் பொருள்களில் பெரும்பகுதி, ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள். அவற்றோடு சிறு கார்களும், பாட்டி வாங்கித் தந்த மரச் சொப்புச் சாமான்களும் இருந்தன. எல்லாவற்றையும் ஓர் அன்னக்கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். கூடையின் அடியில் கிடக்கும் ஒரு கட்டையை எடுக்கப் பையன் முழுவதையும் தரையில் கவிழ்ப்பான். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கத் தவறியவை தறிக்குழிக்குள் விழுந்து மிதிக்கட்டைகளுக்கு அடியில் சிக்கின. நெய்பவர் வெறுங்காலோடு மிதிப்பவர் என்பதால், இது காலுக்கும் கேடு, நெசவுக்கும் கேடு. அதைவிடக் கவலைக்குரியது, தவழும் குழந்தையின் கைக்கு அந்தச் சிறு கட்டைகள் எட்டியது. தாய் தையல்காரப் பெண்ணிடம் கேட்டது இவ்வளவுதான்: “ஒரே இழுப்புல எல்லாம் உள்ள போயிடணுங்க அக்கா. ஒண்ணொண்ணா பொறுக்குற வேலையே இருக்கக் கூடாது. ஒரு தார் தீர்றதுக்குள்ள தரை காலியாயிடணும்.”

இதைவிடத் துல்லியமான தேவைக் குறிப்பை ஒரு வாடிக்கையாளர் தர முடியாது என்பது என் கருத்து. விரிப்பின் அழகைப் பற்றியோ மென்மையைப் பற்றியோ அவர் பேசவில்லை. மூடும் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசினார்.

முதல் மாதிரி

தையல்காரப் பெண் முதலில் தைத்தது, பலரும் இயல்பாகத் தைக்கக்கூடிய வடிவம். 58 அங்குலப் பன்னாவுள்ள (அகலமுள்ள) கேன்வாஸ் துணியில் 54 அங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்றும், பூப்போட்ட பருத்தித் துணியில் அதே அளவுள்ள வட்டம் ஒன்றும் வெட்டி, இரண்டையும் அடுக்கி, விளிம்பை ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்துக் கயிற்றுப் பட்டியாகத் தைத்திருந்தார். பட்டியில் ஒரே ஒரு உலோக ஐலெட் (கயிறு நுழையும் துளை வளையம்). அதன் வழியே கயிற்றின் இரு முனைகளும் வெளியே வந்து, கயிறு நழுவாமல் பிடிக்கும், விசை வைத்த பிளாஸ்டிக் ஸ்டாப்பர் ஒன்றில் முடிந்தன. விரித்துப் பார்த்தபோது குறை சொல்ல எதுவும் இல்லை. மூடியபோது நான்கு குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன.

முதலாவது, விளிம்பு மடிப்பு நெடுகிலும் கொசுவம் விழுந்திருந்தது. உள்பாவாடைக்கு நாடாப் பட்டி தைப்பதுபோல் இதையும் தைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாவாடையின் இடுப்புப் பட்டி நேர்கோட்டுத் துணி. இங்கே மடிப்பது வட்டத்தின் விளிம்பு. வெட்டிய விளிம்பின் ஆரம் 68.6 செ.மீ., அதாவது சுற்றளவு சுமார் 431 செ.மீ. அதை 3.8 செ.மீ. உள்ளே மடித்தால் அந்த விளிம்பு சென்று அமர வேண்டிய வட்டத்தின் ஆரம் 61 செ.மீ. மட்டுமே, அங்குள்ள சுற்றளவு 383 செ.மீ. மிஞ்சும் 48 செ.மீ. துணி எங்கும் போக வழியில்லாமல் கொசுவமாக மடிந்து தையலுக்குள் சிக்குகிறது. வட்ட விளிம்பில் நான்கு இடங்களில் இழை சாய்வாக வருவதால் துணி அங்கே இழுபட்டு நெளிவதும் சேர்ந்துகொள்கிறது. கயிறு அந்தக் கொசுவங்களில் ஒவ்வோரிடத்திலும் தடைப்பட்டு நின்றது.

இரண்டாவது, வாய் முழுவதுமாக மூடவில்லை. வலிமையாக இழுத்த பிறகும் நடுவில் துளை ஒன்று எஞ்சியது. பையைச் சாய்த்தால் சிறிய கட்டைகள் அதன் வழியே வெளியேறின.

மூன்றாவது, இழுப்பதற்கு வேண்டிய வலு. தாயால் இரு கைகளாலும் இழுத்து மூட முடிந்தது, பாட்டியால் இயலவில்லை. ஐலெட் இருந்த பக்கம் துணி நெருக்கமாகச் சுருங்க, எதிர்ப்பக்கம் அகன்றே கிடந்தது.

நான்காவது, மூடிய பின் வெளியே தொங்கிய கயிற்றின் நீளம். இதைத் தனியே பேச வேண்டியிருப்பதால் பின்னால் வருகிறேன்.

பூப்போட்ட மேல்துணியையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பூக்களுக்கு நடுவே சிறு கட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பாட்டி சொன்னார். பொருள்களைப் பரப்பித் தேடுவதற்கான விரிப்பில் அச்சுக் கோலங்கள் கூடாது என்பது அவர் சொன்ன பிறகு வெளிப்படையாகத் தெரிந்தது. இறுதி வடிவத்தின் மேல்துணி பூவேலை ஏதுமற்ற வெளிர் நீலம்.

கழுத்தில் நிகழ்வது

வாய் மூடாததற்குக் கயிறோ கைவலுவோ காரணம் அல்ல. சுருங்கிய நிலையில் விளிம்புத் துணி முழுவதும் ஒரு கட்டாகத் திரள்கிறது. அந்தக் கட்டின் பருமனை முன்கூட்டியே கணக்கிடலாம். துணியைப் பத்து மடிப்பாக அடுக்கி, அழுத்திப் பிடித்து, அடுக்கின் உயரத்தை அளந்து பத்தால் வகுத்தால் ஒரு மடிப்பின் தடிமன் கிடைக்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட கேன்வாஸ் தோராயமாக 0.7 மி.மீ., மேல்துணி 0.3 மி.மீ. விளிம்பு மடிக்கப்பட்டிருப்பதால் இரண்டும் இரட்டிப்பாகி மொத்தம் 2 மி.மீ. மடித்த பின் விளிம்பின் சுற்றளவு 407 செ.மீ. ஆகவே கயிறு இறுக்கிப் பிடிக்க வேண்டிய துணியின் குறுக்குவெட்டுப் பரப்பு 4,070 மி.மீ.யை 2 மி.மீ.யால் பெருக்கினால் கிடைக்கும் 8,140 சதுர மி.மீ. இதை இடைவெளியே இல்லாமல் வட்டமாகத் திரட்டினால்கூட விட்டம் 10 செ.மீ.க்குக் குறையாது. உண்மையில் கேன்வாஸ் விறைப்பான துணி. அதன் மடிப்புகள் ஒன்றையொன்று ஒட்டிப் படியாது. எனவே கட்டு இன்னும் பெரிதாகி, நடுவில் துளை விழுந்தே தீரும். எவ்வளவு வலிமையாக இழுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதையே மெல்லிய பாப்ளின் துணியால் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். பாப்ளினின் ஒரு மடிப்பு சுமார் 0.25 மி.மீ.; பட்டியில் இரு மடிப்பு, அதாவது அரை மில்லிமீட்டர். சுற்றளவை 377 செ.மீ.யாகக் குறைத்தால் பரப்பு 1,885 சதுர மி.மீ.; கட்டின் விட்டம் ஏறத்தாழ 5 செ.மீ. பாதியாகிவிட்டது. பாப்ளின் நெகிழ்வான துணி என்பதால் நடுத்துளையும் அடைபடும். ஆனால் பாய் முழுவதையும் பாப்ளினில் தைத்தால் சிமெண்டுத் தரையில் இழுபட்டு விரைவில் கிழியும். தரையைத் தொடும் இடத்தில் தடித்த துணி, சுருங்கும் இடத்தில் மெல்லிய துணி என்று இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. நூல்கண்டை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் தாளில் போட்ட கணக்கு, ஒன்றரை மீட்டர் கேன்வாஸைக் காப்பாற்றும் என்பதை என் மாணவிகளுக்கு இப்போது இந்த எடுத்துக்காட்டைக் கொண்டே சொல்லித் தருகிறேன்.

கயிற்றின் இழுவையும் கணக்குக்கு உட்பட்டதே. வளைவில் உரசிக்கொண்டு போகும் கயிற்றில், இழுவிசை வளைவுக் கோணத்திற்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். ஒரே வாயிலில் இரு முனைகளையும் இழுக்கும்போது, எதிர்ப்புறம் வரை கயிறு அரைவட்டம் கடக்கிறது. உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொண்டால், நாம் தரும் இழுவிசையில் சுமார் 40 விழுக்காடுதான் அங்கே போய்ச் சேரும். எதிரெதிரே இரண்டு வாயில்கள் வைத்து இருபுறமும் ஒரே நேரத்தில் இழுத்தால், எந்தப் புள்ளியும் கால்வட்டத்திற்கு மேல் தொலைவில் இல்லை. 60 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்கிறது. இடுப்பில் செருகும் சுருக்குப் பைகளில் இருபுறமும் கயிறு வைத்துத் தைத்த நம் பாட்டிமார்களின் கை, கெழு எதையும் அறியாமலே இதை அறிந்திருந்தது.

மறுவடிவம்

புதிய வடிவத்தில் அடிப்பாய் 120 செ.மீ. விட்டமுள்ள வட்டம், ஐந்தடித் தரையில் விரித்த பிறகும் ஓர் ஆள் நடக்க ஒருபுறம் இடம் மிஞ்சும் என்பதால் இந்த அளவு. அதன் விளிம்பில் 15 செ.மீ. உயரத்திற்குப் பாப்ளின் துணியால் ஒரு சுற்றுப்பட்டை. கயிற்றுப் பட்டி அந்தச் சுற்றுப்பட்டையின் மேல் விளிம்பில் வருகிறது. சுற்றுப்பட்டை நேர்த்துண்டுத் துணி என்பதால் அதன் மேல் விளிம்பை மடிப்பதில் கொசுவம் விழும் சிக்கலே எழவில்லை. முதல் மாதிரியின் முதல் குறை இவ்வாறு தானாகவே நீங்கியது.

சுற்றுப்பட்டையால் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. 377 செ.மீ. நீளமுள்ள நேர்த்துண்டு வெளிப்பக்கமாகத் தரையில் படிந்து விழ வேண்டுமானால், அதன் மேல் விளிம்புக்கு 471 செ.மீ. நீளம் வேண்டும். அவ்வளவு நீளம் இல்லாததால் பட்டை வெளியே சாய முடியாமல், சற்று உட்புறம் கவிழ்ந்து வரப்புபோல் நிற்கிறது. கட்டைகளும் காரின் சக்கரங்களும் உருண்டு தறிக்குழியை நோக்கிப் போவதை அந்த வரப்பே தடுக்கிறது. விறைப்புக்காகப் பஞ்சோ ஸ்பாஞ்சோ வைக்கத் தேவை ஏற்படவில்லை.

துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்வதை நான் கட்டாயம் என்பேன். சலவைக்குப் போகாத பருத்தித் துணி முதல் நனைப்பில் மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கக்கூடும், பெரும்பாலும் பாவுவாட்டில் சுருக்கம் அதிகம், ஊடைவாட்டில் குறைவு. நனைக்காமல் வட்டம் வெட்டித் தைத்தால் முதல் துவைப்பில் அது முட்டை வடிவமாகிவிடும். கேன்வாஸும் பாப்ளினும் வெவ்வேறு அளவில் சுருங்கித் தையல் இழுத்துக்கொள்வதும் நேரும்.

வட்டம் வரைய, துணியை நான்காக மடித்து, நடுமூலையில் ஊசியால் கயிற்றைப் பொருத்தி, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி இழுக்கும் பழைய முறையே போதும். ஆரம் 61.5 செ.மீ.; இதில் 1.5 செ.மீ. தையலுக்கு. கேன்வாஸை நான்கு மடிப்போடு ஒரே வெட்டாக வெட்டினால் அடி மடிப்பு நழுவும். கோட்டை வரைந்த பிறகு விரித்து, ஒற்றையாக வெட்டுவதே நல்லது. சுற்றுப்பட்டைக்கு 58 அங்குலப் பாப்ளினில் குறுக்கே 20.5 செ.மீ. அகலத்தில் மூன்று துண்டுகள் வெட்டி இணைத்துக்கொண்டோம். அதன் நீளத்தை வெட்டிய விளிம்பின் சுற்றளவுக்குப் பொருத்தக் கூடாது. தையல் ஓடும் கோட்டின் ஆரம் 60 செ.மீ.; அங்கே சுற்றளவு 377 செ.மீ. வெட்டிய விளிம்பிலோ அது 386 செ.மீ. இந்த 9 செ.மீ. வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் சுற்றுப்பட்டை முழுவதும் தளர்ந்து சுருக்கம் விழும்.

கயிறு வெளிவரும் இரண்டு வாயில்களையும், பட்டியை மடிப்பதற்கு முன்பே, எதிரெதிர் இடங்களில் 2 செ.மீ. காஜாவாக (பட்டன் துளைபோல் விளிம்பு தைத்த துளையாக) எடுத்துக்கொள்ள வேண்டும். பாப்ளின் தனியாக அந்த இழுப்பைத் தாங்காது என்பதால் பின்புறம் கேன்வாஸ் ஒட்டுத்துண்டு வைத்துக் காஜா எடுத்தார். உலோக ஐலெட்டைத் தவிர்த்ததற்கு இரு காரணங்கள் உண்டு: மெல்லிய துணியில் அது நாளடைவில் பிய்த்துக்கொண்டு வரும், வந்தால் அது குழந்தையின் வாய்க்குப் போகக்கூடிய அளவுள்ள ஒரு பொருள்.

இணைக்கும் முறையில்தான் தையல்காரப் பெண்ணின் கைத்திறன் துலங்கியது. வட்ட விளிம்பையும் சுற்றுப்பட்டையையும் எட்டுச் சம பாகங்களாகக் குறித்து, குறிக்குக் குறி ஊசி குத்திப் பொருத்தினார். கேன்வாஸுக்கும் மேல்துணிக்கும் நடுவே சுற்றுப்பட்டை இருக்குமாறு மூன்றையும் நல்லபக்கம் உள்ளே வைத்து அடுக்கி, 20 செ.மீ. மட்டும் திறந்து விட்டு, சுற்றிலும் தைத்தார். பின்பு அந்த வழியாக உட்புறத்தை வெளியே புரட்டி, திறப்பை மூடி, விளிம்பை ஒட்டி மேல்தையல் ஒன்று ஓட்டினார். பிசிறு முழுவதும் இரு துணிகளுக்கு நடுவே மறைந்துவிட்டது. பொம்மைகளின் மொத்த எடையையும் சுமக்கும் அந்த இணைப்புக்கு இரண்டு வரித் தையல் கிடைத்தது. இணைப்புத் தையலுக்கு 16ஆம் எண் ஊசி, பாப்ளினுக்கு 14. தையல் நீளம் 3 மி.மீ.; பாலியெஸ்டர் நூல். இத்தனையும் கால்மிதி மெஷினிலேயே முடிந்தது.

இரு துணிகளும் தனித்தனியே நழுவாமல் இருக்க, மையத்திலிருந்து விளிம்பு நோக்கி எட்டு ஆரக்கோடுகள் தைக்கப்பட்டன. அவை மையத்தில் சந்தித்தால் நூல் முடிச்சாகத் திரண்டு உட்காரும்போது உறுத்தும் என்பதால் மையத்திற்கு 5 செ.மீ. முன்பே நிறுத்தப்பட்டன. பை மூடும்போது துணி அந்தக் கோடுகளை ஒட்டியே ஒழுங்காக மடிகிறது என்பதைப் பிறகு கண்டோம்.

கயிறும் கைக்குழந்தையும்

சுருக்குப் பாயின் உண்மையான ஆபத்து கயிற்றில் இருக்கிறது. விரித்த நிலையில் பட்டிக்குள் ஒளிந்திருக்கும் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் கயிறு, மூடும்போது ஏறத்தாழ முழுவதுமாக வெளியே வந்துவிடுகிறது. இரண்டு வாயில்கள் உள்ள வடிவத்தில் பக்கத்திற்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 95 செ.மீ. தொங்கும் இரு வளையங்கள். தவழும் குழந்தையின் தலை தாராளமாக நுழையும் அளவு அது. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை பார்த்துத் திரும்பிய சேலத்துப் பெண்கள் பலருக்கு இது புதிய செய்தி அல்ல. குழந்தைகளின் மேலாடையில் தலைமூடியிலும் கழுத்திலும் கயிறு வைக்கக் கூடாது என்ற வழிகாட்டுதலை அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1996இலேயே வெளியிட்டது. பொம்மைகளைப் பொறுத்தவரை, 18 மாதத்திற்குக் குறைந்த குழந்தைகளுக்கானவற்றில் தொங்கும் கயிறு 22 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் இ.என். 71 தரநிலை.

எனவே இந்தப் பாய் ஐந்து வயதுப் பையனுக்கானது என்று சொல்லி ஒதுங்குவது சரியாகாது. அதே தரையில் தவழும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும். கயிற்றை 6 மி.மீ. பருத்திப் பின்னல் கயிறாகத் தேர்ந்து, முனைகளை 3 செ.மீ. மேற்பொருத்தி நூலால் சுற்றித் தைத்து, ஒரே வளையமாக்கினோம். முடிச்சுப் போட்டால் பட்டிக்குள் சிக்கும் என்பதால் முடிச்சு இல்லை. விரித்த நிலையில் இரு வாயில்களிலும் வெளியே தெரிவது 10 செ.மீ. மட்டுமே, அதையும் உள்ளே மடித்து வைக்கச் சுற்றுப்பட்டையில் வெல்க்ரோ மூடியுள்ள சிறு பை தைக்கப்பட்டது. மூடியதும் வளையத்தைக் கழுத்தைச் சுற்றி மூன்று முறை இறுக்கிச் சுற்றி, எஞ்சிய பகுதியால் ஆறடி உயரத்தில் அடித்த கொக்கியில் மாட்டிவிட வேண்டும். இவ்வாறு சுற்றுவதே வாயைப் பூட்டியும் வைப்பதால் பிளாஸ்டிக் ஸ்டாப்பருக்கு வேலையில்லாமல் போயிற்று. மூடிய பையைத் தரையில் விடுவதில்லை என்பதை வீட்டார் அனைவரும் விதியாக ஏற்றார்கள்.

இன்னொன்றையும் தாயிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கிவிடும் எந்தச் சிறு பொருளும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தொண்டையடைப்பு ஆபத்து என்பதே பொம்மைத் தரநிலைகளின் அளவுகோல். பையனின் கட்டைகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்குபவை. ஆகவே பாய் எவ்வளவு நன்றாகத் தைக்கப்பட்டிருந்தாலும், கட்டைகள் பரப்பியிருக்கும்போது கைக்குழந்தை அதன் மேல் வரக் கூடாது, 15 செ.மீ. வரப்பு கட்டைகளைத் தடுக்குமே தவிர தவழும் குழந்தையைத் தடுக்காது. குழந்தை தூங்கும் நேரத்தில் விரிப்பது, விழிக்கும் முன் சுருக்குவது என்று பாட்டி ஒழுங்கு செய்துகொண்டார். ஒரே இழுப்பில் மூடும் தன்மை இங்கே நெசவுக்கு உதவியதைவிடக் குழந்தைக்கு உதவியது.

துடைத்தால் சுத்தமாகும் என்பதற்காக ரெக்சினிலோ பிளாஸ்டிக் விரிப்பிலோ இதைத் தைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இணங்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். இந்த அளவுள்ள பைக்குள் ஐந்து வயதுக் குழந்தை ஒளிந்து விளையாட முடியும். காற்றுப் புகாத பொருளால் ஆன, அகன்ற வாயுள்ள பொம்மைப் பைகளுக்குச் சுருக்குக் கயிறு கூடாது என்று தரநிலைகள் தடுப்பது இதற்காகவே. விற்பனைக்குத் தைக்க எண்ணுபவர்கள், 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையையும் ஐ.எஸ். 9873 தரநிலையையும் படித்து, தங்கள் பொருள் அதற்குள் வருமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பயன்பாட்டில் கண்டவை

மழைக்கு முந்தைய மாதங்களில் தொடங்கி ஆடி முடிய அந்தப் பாய் நாள்தோறும் பயன்பட்டது. தறிக்குழிக்குள் கட்டைகள் விழுவது நின்றது. ஒரு தார் தீர்வதற்குள் தரை ஒழிய வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறியது. பாட்டியால் தனியாகவே இழுத்து மூட முடிந்தது. கட்டைகள் பாயில் ஒரே மட்டத்தில் பரந்து கிடப்பதால் பையன் வேண்டியதைப் பார்த்த மாத்திரத்தில் எடுக்கிறான். கூடையைக் கவிழ்த்துத் தோண்டிய காலத்தில் பாதி விளையாட்டு நேரம் தேடுவதிலேயே போயிற்று.

குறைகளும் தெரிந்தன. எல்லாம் ஒரே குவியலாகச் சேர்வதால் மரச் சொப்புகள் கட்டைகளோடு மோதி வண்ணம் உதிர்ந்தன. மிஞ்சிய பாப்ளினில் சொப்புகளுக்கென்று சிறிய உள்பை ஒன்று தைத்துக் கொடுத்ததும் அது தீர்ந்தது. அந்தப் பைக்குக் கயிறு வைக்காமல் பட்டன் வைத்தோம். ஆடித் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து, குகையில் வண்டி வேடிக்கை பார்த்துத் திரும்பிய குழந்தைகள் கூட்டமாகப் பாயைப் பிடித்து இழுத்ததில் காஜா ஒன்று ஓரத்தில் கிழிந்தது. இணைப்புத் தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழிந்த இடத்தை ஆராய்ந்தபோது, அந்தக் காஜா பாப்ளின் துண்டுகளின் இணைப்பை ஒட்டி அமைந்திருந்ததும், பின்னால் வைத்த ஒட்டுத்துண்டு காஜாவின் முனையைத் தாண்டி ஒரு செ.மீ. கூட நீளாததும் தெரிந்தன. ஒருபக்க வளையத்தை மட்டும் வேகமாக இழுக்கும்போது முழு விசையும் காஜாவின் முனையிலேயே விழுகிறது. ஒட்டுத்துண்டு எல்லாப் பக்கமும் குறைந்தது 2 செ.மீ. மிஞ்ச வேண்டும், காஜாவின் இரு முனைகளிலும் நெருக்கமான குறுக்குத் தையல் வேண்டும்.

ஏற்காட்டில் இரண்டாவது பாய்

இதைப் பார்த்த உறவினர் ஒருவர், ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய தம் வீட்டுக்கும் அதே அளவில் ஒன்று தைத்து வாங்கிப் போனார். சேலத்தில் குறையின்றி இயங்கிய வடிவம், 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்கு நடுவே வேறு விதமாக நடந்துகொண்டது. பருத்திக் கயிறு ஈரத்தை உறிஞ்சி உப்பி, பட்டிக்குள் இறுகியது. இரு துணிகள் அடுக்கிய அடிப்பாய் துவைத்த பின் நாள்கணக்கில் உலரவில்லை. உலரும் முன் பொம்மைகளோடு சுருக்கிக் கட்டியதால் மடிப்புகளில் பூஞ்சணப் புள்ளிகள் தோன்றி, உள்ளே வாடை பிடித்தது.

அதற்காக மாற்றியவை மூன்று. கயிறு 5 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறாயிற்று. அது ஈரத்தைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. ஆனால் வழுக்கும் தன்மையுள்ளது என்பதால், மூன்று சுற்றுக்குப் பின் ஓர் அரைமுடிச்சுப் போட்டால்தான் நிற்கிறது. அடிப்பாய் இரட்டைத் துணியை விட்டு ஒற்றைக் கேன்வாஸாக மாறியது. பிசிறு மறையும் வசதி போய்விட்டதால் இணைப்பின் உட்புறம் கிராஸ் பட்டி (இழைக்குச் சாய்வாக வெட்டிய துணிப் பட்டி) வைத்து மூட வேண்டியதாயிற்று. இதற்கு வேலை கூடுதல். கூலியும் அதற்கேற்ப வாங்க வேண்டும் என்று தையல்காரப் பெண்ணிடம் வலியுறுத்தினேன். மூன்றாவது மாற்றம் பழக்கம் சார்ந்தது: இரவில் சுருக்கி மாட்டும்போது வாயை இறுக்காமல் ஒரு கை நுழையும் அளவு திறந்து விடுவதும், வெயில் வரும் நாளில் பாயை முழுவதுமாக விரித்துக் கொடியில் கவிழ்த்துப் போடுவதும். அந்த வீட்டில் கைக்குழந்தை இல்லை என்பதும், கொக்கி உயரத்தில் இருக்கிறது என்பதும் உறுதியானதால்தான் வாயைத் திறந்து விடும் வழியைப் பரிந்துரைத்தேன். அம்மாப்பேட்டை வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இப்போது தையல்காரப் பெண்ணின் மேசையில் மூன்றாவது பாய் வெட்டப்பட்டுக் கிடக்கிறது. இதில் காஜாக்கள் பாப்ளின் இணைப்புகளிலிருந்து ஒரு சாண் தள்ளி வருகின்றன. ஒட்டுத்துண்டு 6 செ.மீ. சதுரம். சுற்றுப்பட்டையின் உயரத்தை 15இலிருந்து 18 செ.மீ.யாக உயர்த்தலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். உயர்த்தினால் கழுத்து நீண்டு, வளையத்தைச் சுற்றிக் கட்ட வசதியாகும். ஆனால் மெல்லிய துணி தன் எடையிலேயே உட்புறம் அதிகமாகக் கவிழ்ந்து விளையாடும் பரப்பைக் குறைக்கும். முதலில் ஊசியால் பொருத்தி நிறுத்திப் பார்த்த பிறகே தைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.